அவன் கையைப் பார்த்த ஏழு வருடம்

நான் வெளிநாடு போன கதையைப் பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன். விமானம் ஏறியது, வெயில், ஒட்டகம் கண்டது எல்லாம் விலாவாரியாக வரும். கொழும்பில் வேலைக்கு எடுப்பதற்கு முன் வைத்த பரீட்சையை மட்டும் ஒரு வரியில் முடித்துவிடுவேன். முதல் தரம் பிழையாகிப் போனது, இரண்டாம் தரம் பாஸ். முதல் தரம் ஏன் பிழையானது என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய்தான் சொல்லியிருப்பேன் என்பது எனக்கே தெரியும்.

திருகோணமலைத் துறைமுகத்தில் நான் வின்ச் ஓட்டினேன். அந்த நாட்களில் பெரிய கப்பல்கள் உள்குடாவில் நங்கூரம் போட்டு நிற்கும். அரிசி, மா, உரம் என்று வருவதையெல்லாம் கப்பலின் அடித்தட்டிலிருந்து கம்பிவடத்தில் தூக்கி, பக்கத்தில் அணைந்து நிற்கும் தட்டைப் படகில் இறக்க வேண்டும். தூக்குகிற இயந்திரம்தான் வின்ச். அதை ஓட்டுகிறவனுக்கு அடித்தட்டும் தெரியாது, படகும் தெரியாது. மேல்தட்டின் விளிம்பில் ஒருவன் நின்று, இரண்டையும் எட்டிப் பார்த்துக் கையால் சைகை காட்டுவான். கை மேலே போனால் தூக்கு. கீழே போனால் இறக்கு. விரல்களை மடக்கி முட்டி பிடித்தால் நிறுத்து. அவன் காட்டுவதை நான் செய்ய வேண்டும், யோசிக்கக் கூடாது. கீழே மூட்டைகளுக்கு நடுவே ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள். நான் யோசிக்கிற நேரத்தில் ஒருவன் நசிந்து போவான்.

எனக்குக் கை காட்டியவன் குடாவுக்கு அக்கரைக் கிண்ணியாக்காரன், முஸ்லிம். என் வயதுதான். தினமும் காலையில் மோட்டர்போட்டில் வருவான். அவனுக்கு நான் மச்சான், எனக்கு அவன் மச்சான். ஏழு வருடம் ஒரே சோடியாக வேலை செய்தோம். இரைச்சலில் வாயால் கதைக்க ஏலாது என்பதால், தூக்கு இறக்குக்கு மேலாகவும் அவன் கையில் ஒரு பாஷை வளர்ந்திருந்தது. பெருவிரலை உதட்டில் வைத்தால் தேத்தண்ணீர். வயிற்றைத் தள்ளித் தடவினால் மேலதிகாரி வருகிறார். காதைப் பிடித்து இழுத்தால் நான் குரங்கு மாதிரி இருக்கிறேன் என்று அர்த்தம். ஒரு நாளைக்கு நாலு தரமாவது காதைப் பிடித்து இழுப்பான். வீட்டில் என் மனைவியின் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்தவனில்லை நான்.

வெளிநாட்டுக் கதையைக் கொண்டுவந்ததும் அவன்தான். அவனுடைய மாமி மகன் ஒருவன் வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் இருந்தான். அங்கே கிரேன் ஓட்டவும் கை காட்டவும் ஆள் எடுக்கிறார்கள், கொம்பனியே ஸ்பொன்சர் செய்து விசா எடுத்துக் கொடுக்கும் என்று கடிதம் போட்டிருந்தான். கொழும்பில் பரீட்சை. அடுத்த நாளே என் மச்சான் இரண்டு விண்ணப்பப் படிவங்களைச் சேட்டுப் பைக்குள் மடித்து வைத்துக் கொண்டுவந்தான்.

"நீ இங்கிலிசு எழுதுவா. ரெண்டையும் நிரப்பு. போனா ரெண்டு பேரும் போற, இல்லாட்டி இஞ்சயே கிடக்கிற."

அவனுக்குப் போயே ஆக வேண்டியிருந்தது. அவனுக்கு இரண்டு தங்கச்சிமார். எங்கள் கரையில் பெண்ணுக்குக் கலியாணம் என்றால் அவள் பேரில் ஒரு வீடு இருக்க வேண்டும், அதில் தமிழர் வீடு முஸ்லிம் வீடு என்ற வித்தியாசம் கிடையாது. வாப்பா மௌத்தாகித் தகப்பனில்லாத வீட்டில் அந்தப் பொறுப்பு இவன் தலையில் விழுந்தது. மூத்தவளுக்கு ஒரு வீடு கூரை மட்டத்துக்கு வந்திருந்தது. இளையவளுக்கு அத்திவாரம் மட்டும். இரண்டு பேரையும் கரை சேர்க்காமல் தான் கலியாணம் முடிப்பதில்லை என்று அவன் இருந்தான். முப்பத்திரண்டு வயது.

எனக்கு அப்படி ஒரு நெருக்கடியும் இருக்கவில்லை. மனைவிக்குச் சீதனமாக வந்த வீட்டில் இருந்தோம். ஒரு மகள், சின்னப் பிள்ளை. வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைத்தெருவில் நடந்ததைப் பார்த்து எனக்கும் ஆசை வந்தது. அவ்வளவுதான். இதைச் சொல்லவே வெட்கமாயிருக்கிறது, ஆனால் அதற்குமேல் ஒரு காரணத்தைத் தேடினால் அது இட்டுக்கட்டியதாகிவிடும்.

பரீட்சை நடந்தது கொழும்புக்கு வெளியே ஒரு பெரிய வளவில். முப்பது பேரளவில் வந்திருந்தார்கள். கொம்பனியின் இஞ்சினியர் ஒரு வெள்ளைக்காரர், கழுத்தெல்லாம் வெயிலில் சிவந்த மனிதர். முதலில் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து வாய்க் கேள்வி கேட்டார். வேறு ஊரிலிருந்து சேர்ந்து வந்த இரண்டு பேரில் ஒருவன் தடுமாற, மற்றவன் பின்னால் நின்று பதிலை முணுமுணுத்தான். இஞ்சினியர் இரண்டு பேரின் படிவத்தையும் எடுத்துக் கையில் கொடுத்து, கேற்றைக் காட்டினார். உதவி செய்தவனும் வெளியே, உதவி வாங்கியவனும் வெளியே. எங்கள் வரிசை அப்படியே அடங்கிப் போனது. நானும் மச்சானும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டோம்.

பிறகு கிரேன். மணல் நிரப்பிய பீப்பாயைத் தூக்கி, ஒரு பலகை வேலிக்கு மேலால் கொண்டுபோய், அந்தப் பக்கம் சுண்ணாம்பால் போட்ட வட்டத்துக்குள் இறக்க வேண்டும். கை காட்டுவதற்குக் கொம்பனியின் ஆள் மஞ்சள் தொப்பியோடு நின்றான். அவனை மட்டும் பார்க்க வேண்டும் என்று இஞ்சினியர் இரண்டு தரம் சொன்னார். கிரேன் ஓட்டுகிறவர்கள் முடிந்தபின் கை காட்டுகிறவர்களுக்குப் பரீட்சை. அதனால் மச்சான் தன் முறைக்காக வேலிப் பக்கமாக மற்றவர்களோடு நின்றான்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். ஏறி உட்கார்ந்தேன். பீப்பாய் நன்றாகத்தான் எழும்பியது. மஞ்சள் தொப்பி சொன்னபடி திருப்பினேன். பீப்பாய் வேலியை நெருங்கியபோது எனக்குக் கொஞ்சம் பயம் வந்தது. பயம் வந்ததும் என் கண், ஏழு வருடமாகப் பயத்தில் எங்கே போகுமோ அங்கே போனது. மஞ்சள் தொப்பியை விட்டுவிட்டு, ஆட்களுக்கு நடுவில் நின்ற மச்சானின் கையைப் பார்த்தேன். அவனும் தன்னை மறந்து பீப்பாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கை தானாக எழும்பி முட்டி பிடித்தது.

என் கை நிறுத்தியது. மஞ்சள் தொப்பியோ இன்னும் தூக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். திடீரென்று நிறுத்தியதில் பீப்பாய் ஊஞ்சல் மாதிரி ஆடிப் போய் வேலியில் அடித்தது. இரண்டு பலகை முறிந்து விழுந்தது.

இஞ்சினியர் என்னைத் திட்டவில்லை. நான் எங்கே பார்த்தேன் என்று தலையைத் திருப்பிப் பார்த்தார். மச்சானின் முட்டி இன்னும் பாதி உயரத்தில் நின்றது. அவன் அதைக் கீழே இறக்கி முதுகுக்குப் பின்னால் மறைத்தான். வாத்தியாரிடம் பிடிபட்ட பிள்ளை மாதிரி மறைத்தான். இஞ்சினியர் அவன் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, மேலே என்னைப் பார்த்து, இந்த ஆளை உனக்குத் தெரியுமா என்று இங்கிலிசில் கேட்டார். அந்தளவு இங்கிலிசு எனக்கு விளங்கும்.

"நோ, சேர்" என்றேன்.

இழுத்துப் பறித்துச் சொல்லவில்லை. கேட்ட கையோடு சொன்னேன். காலையில் கேற்றைக் காட்டிய அந்தக் கை என் கண்ணுக்குள் இருந்தது, அது உண்மை. தெரியும் என்றால் இரண்டு பேரும் வெளியே, ஒருவனாவது மிஞ்சட்டும் என்று நினைத்தேன் என்று பிற்காலத்தில் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த நேரத்தில் நான் அப்படி ஒரு கணக்கும் போடவில்லை. என் வாய் என்னைக் காப்பாற்றியது, அவ்வளவுதான்.

இஞ்சினியர் மச்சானைத் திரும்பிப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டார். மச்சானுக்கு இங்கிலிசு பெரிதாக வராது. ஆனால் என் பதில் அவனுக்கு விளங்கியிருந்தது. அவன் என்னை ஒருதரம் பார்த்தான். பாரம் எழும்ப முன்னால், கொழுவி சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பானே, அந்தப் பார்வை. பிறகு தலையை ஆட்டினான்.

"நோ, சேர்" என்றான் அவனும்.

அவன் படிவத்தைத் தேடி எடுத்துக் கையில் கொடுத்தார்கள். அவனுக்குப் பரீட்சையே நடக்கவில்லை. சாரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, படிவத்தை மறுகையில் பிடித்துக்கொண்டு, அவன் கேற்றுக்கு நடந்து போனதை மேலே கிரேனில் உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு இன்னொரு தரம் தந்தார்கள். யாரோ அந்நியன் குழப்பியதால் தந்தார்கள். இந்த முறை மஞ்சள் தொப்பியைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. பீப்பாய் வட்டத்துக்குள் அழகாக இறங்கியது.

வெளியே வந்தபோது அவன் ஒரு தேத்தண்ணீர்க் கடைக்கு முன்னால் நின்றான்.

"என்ன, பாஸா?"

"ஓம்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றான். குரலில் ஒரு குறையும் இல்லை. எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை. இரண்டு வார்த்தை ஏசியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை ஏசி, சண்டை பிடித்து, சமாதானமாகியிருப்போம். எனக்குக் கோபம் சட்டென்று வரும், சட்டென்று போகும். அவன் அதற்கு இடம் தரவில்லை.

அடுத்த நாள் பகல் ரயிலில் திரும்பினோம். வழி முழுக்க ஒரு வசனத்தை மனதுக்குள் கட்டிக்கொண்டு வந்தேன். மச்சான், நான் சொன்னது பிழை, என்னை மன்னித்துக்கொள் என்கிற சின்ன வசனம்தான். கல்ஓயாச் சந்தியில் ரயில் நெடுநேரம் நின்றது. அவன் இறங்கிப் போய் இரண்டு தேத்தண்ணீர் வாங்கி, ஜன்னலால் ஒன்றை நீட்டினான்.

"மச்சான், நான் நேத்து…" என்று தொடங்கினேன்.

"சீனி காணாது என்ன?" என்றான். என் கோப்பையையும் வாங்கிக்கொண்டு திரும்பக் கடைக்குப் போனான். சீனி போட்டுக்கொண்டு வந்தபோது ரயில் நகரத் தொடங்கியிருந்தது. அந்த வசனம் அன்றைக்கு மட்டுமல்ல, பிறகும் வெளியே வரவில்லை.

துறைமுகத்தில் பழையபடி வேலை நடந்தது. அவன் விளிம்பில், நான் வின்சில். தூக்கு, இறக்கு, நிறுத்து எல்லாம் வழமைபோல் துல்லியமாக வந்தது. மற்றவை வரவில்லை. பெருவிரல் உதட்டுக்குப் போகவில்லை. மேலதிகாரி வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு முழுக் கப்பல் இறக்கி முடிந்தது, அவன் ஒருதரம்கூடக் காதைப் பிடித்து இழுக்கவில்லை. யாரிடமாவது முறையிடவும் ஏலாது. கை காட்டுகிறவன் என்னைக் குரங்கு என்று சொல்வதில்லை என்று எந்தக் கந்தோரில் போய்ச் சொல்வது?

இரண்டு மாதம் போக, கொம்பனியிடமிருந்து தடித்த உறை ஒன்று வந்தது. வேலை உறுதி, விசா எடுக்கிறோம், அதற்கு இன்ன இன்ன கடதாசிகள் வேண்டும் என்று இருந்தது. அதில் ஒன்று, நான் எத்தனை வருடம் இந்த வேலை செய்தேன் என்று கூட வேலை செய்த ஒருவர் உறுதிப்படுத்தும் படிவம். நான் முதலில் களஞ்சியத்தில் இருந்த ஒருவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு மேலதிகாரியிடம் போனேன். அவர் பார்த்துவிட்டு மேசையில் போட்டார்.

"இந்தாள் நீர் வேலை செய்யிறதை எங்க கண்டவர்? வின்ச்காரனுக்குக் கை காட்டினவன்தான் சாட்சி. அது இஞ்ச உள்ள முறை. அவனிட்ட வாங்கிக்கொண்டு வாரும், நான் முத்திரை குத்திறன்."

அது உண்மைதான். விபத்து நடந்தாலும், பதவி உயர்வு என்றாலும், வின்ச்காரனைப் பற்றி அவனுடைய கைகாட்டியிடம்தான் கேட்பார்கள். வேறு யாருக்கும் வின்ச்காரன் கை எப்படியென்று தெரியாது. இரண்டு நாள் படிவத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். விசாவே வேண்டாம் என்று விட்டுவிடலாம் என்றுகூட ஒரு நேரம் யோசித்தேன். விடவில்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில், அவன் கயிற்றுச் சுருளில் இருந்து சோற்றுப் பார்சலை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் போய் இருந்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"அதுக்கென்ன, தா" என்றான். கையைக் கழுவிக்கொண்டு வந்தான். "நீ வாசி. நான் சொல்லுறன். நீயே எழுது."

அவன் பெயர், வேலை, விலாசம் எழுதினேன். அடுத்த கேள்வியில் என் பேனை நின்றுவிட்டது.

"என்ன கேக்கிறான்?" என்றான்.

வாசிக்காமல் தப்ப வழி இருக்கவில்லை. "விண்ணப்பம் போட்ட ஆளை உங்களுக்கு எவ்வளவு காலமாத் தெரியும் எண்டு கேக்கிறான்" என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் குடாவைப் பார்த்தான். அப்பால் சம்பூர்ப் பக்கம் மழை இருட்டியிருந்தது. ஏதாவது சொல்லட்டும், இப்போதாவது சொல்லட்டும் என்று நான் காத்திருந்தேன்.

"எழுது மச்சான்" என்றான். "ஏழு வருஷம்."

எழுதினேன். என் கையாலேயே எழுதினேன். அவன் அடியில் தமிழில் கையெழுத்துப் போட்டு, மை காயட்டும் என்று ஊதி, படிவத்தை என்னிடம் தந்தான். பிறகு சோற்றில் பாதியைப் பிரித்து என் பக்கம் தள்ளினான். அது எப்படி எனக்கு இறங்கியது என்று இன்றைக்கும் விளங்கவில்லை.

விசா வந்தது. போனேன். வேலை கடினம், ஆனால் பழகிவிட்டது. அங்கே எங்களுக்குப் பெரியவராக இருந்தவர் அதே சிவந்த கழுத்து இஞ்சினியர்தான். போய் ஒன்பதாம் மாதமளவில் அவர் எங்களைக் கூப்பிட்டு, கை காட்ட இரண்டு பேர் அவசரமாக வேண்டும், உங்கள் ஊர்த் துறைமுகத்தில் தெரிந்த நல்ல ஆள் இருந்தால் பெயர் கொடுங்கள், பரீட்சை இல்லை, கொம்பனி விசா எடுக்கும் என்றார். கந்தோருக்கு முன்னால் வரிசை நின்றது. நானும் போய் நின்றேன். அவன் பெயர் என் நாக்கில் இருந்தது.

ஆனால் பெயரைக் கொடுத்தால் ஆள் வருவான். ஆள் வந்தால் முகம் வரும். அந்த முட்டி பிடித்த கையை இந்த மனிதர் மறந்திருக்கமாட்டார். யாரென்று தெரியாது என்று சொன்னாயே என்று என்னைக் கேட்பார். ஒரு பொய்க்காரனைக் கிரேனில் வைத்திருப்பாரா? வரிசை நகர நகர இதையே யோசித்தேன். எனக்கு முன்னால் நின்றவன் தன் மைத்துனனின் பெயரைக் கொடுத்தான். என் முறை வந்தது. இஞ்சினியர் நிமிர்ந்து பார்த்தார்.

என் சப்பாத்து கிழிந்துவிட்டது, புதுச் சோடி வேண்டும் என்றேன்.

தந்தார்கள். நல்ல சப்பாத்து. கொழும்பில் சொன்னது பயத்தில் வாயில் வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். இது வரிசையில் அரை மணித்தியாலம் நின்று, நிதானமாக யோசித்துச் செய்தது. இதற்கு என்னிடம் ஒரு சாட்டும் கிடையாது.

இரண்டு வருடம் முடிந்து லீவில் வந்தபோது கிண்ணியாவுக்குப் போனேன். தங்கச்சிமாருக்குச் சேலையும் அவனுக்கு ஒரு ரேடியோவும் கொண்டுபோனேன். மூத்தவளுக்குக் கலியாணம் முடிந்திருந்தது. இளையவளின் வீடு ஜன்னல் மட்டத்தில் நின்றது. மேற்கொண்டு கட்டாத சுவரில் பீர்க்கங்கொடி ஏறிக் காய்த்திருந்தது. அந்தப் பிள்ளைதான் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். இருபத்தாறு வயது ஆகியிருக்கும். அவள் வைத்த கோப்பையைத் தொட எனக்குக் கை வரவில்லை.

அவனுக்குத் தலை அங்கங்கே நரைத்திருந்தது. புது வின்ச்காரனைப் பற்றிச் சொன்னான். பெடியன் நல்லவன், ஆனால் கையைப் பார்க்காமல் வானத்தைப் பார்க்கிறான் என்றான். ரேடியோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அதைக் கதிரையில் வைத்தான்.

"அங்க உனக்குக் கை காட்டுறது ஆரு?"

"ஒரு பாக்கிஸ்தான்காரன்."

"நல்லாக் காட்டுவானா?"

"ஓம். பரவாயில்லை."

அவன் தலையை ஆட்டினான். குத்திக் காட்டுகிற குரலும் இல்லை, பகிடியும் இல்லை. வின்ச்காரனுக்குக் கைகாட்டி சொல்கிற வழமையான புத்தியாகத்தான் சொன்னான்.

"அவன்ட கையை மட்டும் பாரு மச்சான். வேற ஒத்தரையும் பாக்காத."

நான் ஓம் என்றேன். அதற்குமேல் அங்கே இருக்க முடியவில்லை, மோட்டர்போட்டுக்கு நேரமாகிறது என்று எழும்பினேன். கொம்பனி தந்த சப்பாத்தை வாசலில் கழற்றி வைத்திருந்தேன். அதைப் போட்டுக்கொள்ளக் குனிந்தவன், கயிறு கட்டி முடிந்த பிறகும் வெகுநேரம் நிமிரவில்லை.